தலையாட்டும் முன் யோசிப்போம்



நாம் வாய் திறப்பதற்கு முன்பே நம் உடம்பு பேசிவிடுகிறது. பெரியவர் வந்தால் எழுந்து நிற்கிறோம். அவர் முன்னால் கால் மேல் கால் போடுவதில்லை. பணத்தை வலது கையால்தான் கொடுக்கிறோம், வாங்குகிறோம். தெரியாமல் யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிறோம். இதெல்லாம் சின்ன வயசிலேயே பழகிய மரியாதை. இதை விட வேண்டியதில்லை.

ஆனால் மரியாதையோடு பயமும் சேர்ந்தே பழகிவிட்டது. ‘பொம்பளப் புள்ள குனிஞ்ச தல நிமிரக் கூடாது’ என்று சொல்லித்தானே வளர்த்தார்கள்? அதனால் அலுவலகத்தில் நாற்காலி காலியாக இருந்தாலும் கதவோரமே நிற்கிறோம். முந்தானையால் வாயை மறைத்துப் பேசுகிறோம். சொல்வது அதிகாரியின் காதில் விழுவதே இல்லை. எது மரியாதை, எது பயம் என்று பிரித்துப் பார்ப்பது சுலபம். கேட்க வந்ததைப் பணிவாகக் கேட்டுவிட்டால் அது மரியாதை. கேட்காமலே திரும்பி வந்தால் அது பயம்.

தலையாட்டலுக்கு இரண்டு அர்த்தம்

யாராவது பேசும்போது தலையை லேசாக ஆட்டி ‘ம்... ம்...’ கொட்டுவது நம் வழக்கம். ‘கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், சொல்லுங்க’ என்று அதற்கு அர்த்தம். ‘சரி, சம்மதம்’ என்பதற்கும் அதே தலையாட்டல்தான்! வங்கியில் கடன் விவரம் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டினால், புரிந்துதான் ஒப்புக்கொள்கிறார்கள் என்று அதிகாரி நினைப்பார். கையெழுத்துப் போட்ட பிறகு ‘சும்மாதான் தலையாட்டினோம்’ என்று சொல்ல முடியுமா? குழுக் கடனில் ஒருவர் கட்டத் தவறினாலும் சுமை எல்லோர் தலையிலும்தான் விழும்.

கிராம சபையிலும் இதே கதைதான். 2022 முதல் தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபைக்கு உரியவை. தீர்மானம் வாசிக்கும்போது நாம் குனிந்தே உட்கார்ந்திருந்தால், அந்த மௌனமும் சம்மதமாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

நம் குழுவுக்குள்ளும் கவனிப்போம். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் வட்டமாக உட்காருகிறோம். கடன் முடிவாகும்போது ஒரு உறுப்பினர் தரையைப் பார்த்தபடி இருந்தால், ஊக்குநர் ‘நீங்க என்னக்கா சொல்றீங்க?’ என்று கேட்க வேண்டும். அதன் பிறகே தீர்மானத்தை எழுத வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் செய்து பார்ப்போம்

ஒருவர் வங்கி அதிகாரியாகவும் இருவர் உறுப்பினர்களாகவும் நடியுங்கள்.

1. வணக்கம் சொல்லி, ‘உட்காரலாங்களா சார்?’ என்று கேட்டு உட்காருங்கள்.

2. அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

3. புரியாத இடத்தில் தலையாட்டாதீர்கள். ‘வட்டி எவ்வளவு, எத்தனை தவணைன்னு இன்னொரு தடவை சொல்லுங்க சார்’ என்று கேளுங்கள்.

4. கேட்டதை நம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் மட்டும் தலையாட்டுங்கள்.

முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். நாலு தடவை செய்தால் பழகிவிடும். பணிவாகப் பேசுவோம், ஆனால் புரிந்துகொண்டு தலையாட்டுவோம்!