குடும்பம் உடன் தங்கியபோது மாறிய பணி

மனநலப் பிரிவில் பணிமுறை மாறும்போது, “இனி யாரிடம் கேட்பது?” என்று குடும்பத்தார் எங்களிடம் வினவுகின்றனர். அவ்வேளையில் பணியாளர் உள்ளத்திலும் ஒரு வினா எழுகிறது: “இனி என் பணி எது?” இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்து, நோயாளிகளுடன் உறவினரையும் தங்கச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தார் உடன் தங்கும் முறையை மேற்கொண்டது. அக்காலத்து மனநல மருத்துவமனைகளில் கதவைப் பூட்டுவதும், உணவளிப்பதும், குளிப்பாட்டுவதும் பணியாளரின் அன்றாடக் கடமைகள். தாயோ மனைவியோ அருகிருந்து பார்த்துக்கொள்ளும்போது செவிலியருக்கு எஞ்சுவது என்ன? மருந்தின் பயனையும் பக்கவிளைவையும் கவனித்தல், நோய் திரும்புவதற்கான முன்னறிகுறிகளை உறவினருக்குக் கற்பித்தல், களைத்தவருக்குத் துணைநிற்றல் ஆகியவை எஞ்சுகின்றன. காவல் காத்தவர் கற்பிப்பவராக வேண்டியிருந்தது.

அத்தகைய மாற்றம் இன்றும் தொடர்கிறது. 2018 முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், வயதுவந்த நோயாளி தமக்கான பிரதிநிதியைத் தாமே எழுத்து மூலம் நியமிக்க உரிமை அளிக்கிறது. குடும்பத்தாரிடமே முதலில் பேசிப் பழகிய நாங்கள், நோயாளியிடம் முதலில் பேசக் கற்றுக்கொள்கிறோம்.

பல ஆண்டுகள் பழகிய பணி மாறும்போது, தேர்ந்தவருக்கும் தயக்கம் உண்டாகும். அதனை அக்கறையின்மை என்று கருத வேண்டா. ஆயினும் அத்தயக்கத்தில் ஓர் ஆபத்து உண்டு. மருந்தளவு மாறியதை மருத்துவர் சொல்லியிருப்பார் எனச் செவிலியரும், செவிலியர் சொல்லியிருப்பார் எனச் சமூகப் பணியாளரும் எண்ணினால், வீட்டில் பழைய அளவே தொடரக்கூடும்.

ஆகவே குழுவில் மாற்றம் நேரும்போது மூன்று செய்திகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: மருந்து பற்றி யாரிடம் கேட்பது? இரவிலோ விடுமுறையிலோ நெருக்கடி நேர்ந்தால் யாரை அழைப்பது? அடுத்த சந்திப்பு யாருடன், எந்நாளில்? புதியவரிடம் நோயின் வரலாற்றை மீண்டும் சொல்ல நேர்ந்தால் சலிப்படையாதீர்கள்; நோயாளியும் தம் வாயால் சொல்ல இடமளியுங்கள்.

உங்கள் கேள்வியை நாங்கள் குறைகூறலாகக் கொள்வதில்லை. எவருடைய பொறுப்பு எதுவென்பதை எங்களுக்குள்ளும் தெளிவுபடுத்திக்கொள்ள அது உதவுகிறது.