காற்றை முந்தும் படகு

கேள்வி: காற்று 30 கி.மீ. வேகத்தில் வீச, அமெரிக்கா கோப்பைப் பந்தயப் பாய்மரப் படகுகள் 80 கி.மீ. வேகத்தில் பறக்கின்றனவாமே! நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். காற்று பின்னாலிருந்து தள்ளித்தான் படகு ஓடுகிறது என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. காற்றே இல்லாத நாளில் சைக்கிளை வேகமாக மிதித்துப் பாருங்கள்; முகத்தில் காற்று அடிக்கும். படகுக்கும் அப்படித்தான். வீசும் காற்றோடு, ஓட்டத்தில் பிறக்கும் காற்றும் சேர்ந்து பாயில் படும். பாய் விமான இறக்கைபோல் செயல்பட்டுப் படகை முன்னே இழுக்கும்.

மிச்சத் தடை தண்ணீர்தான். அது காற்றைவிட 800 மடங்கு அடர்த்தி. அதற்குத்தான் அடியில் 'ஃபாயில்' என்ற சிறகு. வேகம் கூடியதும், ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ள, இந்தப் பந்தயத்தின் ஏசி75 ரகப் படகின் உடல் முழுதும் நீரைவிட்டு எழும்பிவிடும். கீழே நனைவது ஒரு சிறகும் சுக்கானும் மட்டுமே. திரும்பும்போது ஒரு பக்கச் சிறகை இறக்கி, மறுபக்கத்தைத் தூக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் குப்புறக் கவிழும். பார்ப்பவர் வயிற்றில் புளி கரைவது அங்கேதான்.

பந்தயத்திலும் அப்படித்தான் திருப்பங்கள். 2013-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கா கோப்பையில் நியூசிலாந்து 8-1 என முன்னிலை. இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும். ஆனால் எதிரணியான அமெரிக்காவின் ஆரக்கிள் வரிசையாக எட்டுப் பந்தயங்களை வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது!

சைக்கிள் என்றேனே, 2017-இல் நியூசிலாந்துக்காரர்கள் படகிலேயே பெடல்களைப் பொருத்தி, காலால் மிதித்து ஹைட்ராலிக் அழுத்தம் ஏற்றினார்கள். அந்த வருடம் கோப்பை அவர்களுக்கே.