பல்லும் சொல்லும்

"பல் போனால் சொல் போயிற்று" என்பது நம் நாட்டு முதுமொழி. இம்மொழி முதுமையை நகையாடுதற்கு எழுந்ததன்று. ஒலியியலறிந்த உண்மையே அதன்கண் அடங்கியுள்ளது. தொல்காப்பியர் எழுத்துப் பிறத்தற்குரிய உறுப்புக்களைத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டாக வகுத்தனர். அவற்றுள், நாநுனி மேற்பல்லின் அடியைச் சார்ந்தபோது தகரமும் நகரமும் பிறக்கும். மேற்பல் கீழிதழொடு பொருந்தியபோது வகரம் பிறக்கும். பல்லில்லா வாயில் இம்மூன்றும் நிலைதடுமாறுதல் இயல்பே. ஆதலின் இழந்த பல்லை மீட்கும் வழி யாதென்பது மருத்துவர்க்கு மட்டுமன்றி மொழி பயில்வார்க்கும் உரிய வினாவாம்.

இவ்வினா எனக்கு ஏட்டில் எழுந்ததன்று. புதுவையில் வாழும் என் பாட்டனார் நாற்பதாண்டுகளாக ஞாயிறுதோறும் கோவிலில் வாசகம் படித்து வந்தவர். பற்களையெல்லாம் இழந்தபின் பல்செட்டு அணிந்தே படித்தார். ஒருநாள் வாசகத்தின் நடுவே கீழ்ச்செட்டு மேலெழும்பி நாவைத் தடுக்க, சொல் குழறிற்று. சிறுவர் சிலர் நகைத்தனர். அன்று புத்தகத்தை மூடிவைத்தவர் அடுத்த ஞாயிறு பின்வரிசைக்குச் சென்றுவிட்டார். எத்துணை வேண்டியும் அவர் முன்வரவில்லை.

மேற்செட்டு நிற்கக் கீழ்ச்செட்டு நழுவுவது ஏன்? மேற்செட்டு அகன்ற அண்ணத்தைப் பற்றி ஒட்டிக்கொள்ளும். கீழ்ச்செட்டோ, குறுகிய தாடை வரம்பின்மேல் அமர்ந்து, ஓயாது அசையும் நாவால் தள்ளப்படுவது. அன்றியும், பல்வேர் நீங்கிய தாடையெலும்பு வேலையற்ற உறுப்புப்போல ஆண்டுதோறும் தேயும். எலும்பு தேயத் தேயச் செட்டு மேலும் தளரும். ஒரு பல் மட்டும் போயின், அயற்பற்கள் இரண்டையும் அராவிப் பாலம்போல் பொய்ப்பல் அமைப்பதுண்டு. அதற்கு நல்ல பற்கள் இரண்டு தேய்க்கப்படல் வேண்டும்.

இக்குறைகளை நீக்க வந்ததே தாடையெலும்பில் செயற்கை வேர் நடும் இம்பிளாண்ட் முறை. பல் மருத்துவத்தைத் தனியொரு நூல்நெறியாக்கிய பெருமை, 1728-இல் தம் பெருநூலை வெளியிட்ட பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷாருக்கு உரியது. எனினும், எலும்பு அயற்பொருளை ஏற்காது ஒதுக்குமென்ற இடர் நெடுங்காலம் நீங்காதிருந்தது. 1952-இல் சுவீடன் நாட்டு லுண்டு நகரில் பெர் இங்வார் பிரோனேமார்க் என்னும் அறிஞர், முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தைக் காண்டற்கு டைட்டேனியக் கருவியொன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதனைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அவ்வுலோகத்தோடு ஒன்றிப்போயிருந்தது. இடையூறாகத் தோன்றிய அதனையே அவர் உற்று நோக்கினார். 1965-இல் யோஸ்தா லார்சன் என்பார்க்குக் கீழ்த்தாடையில் நான்கு டைட்டேனிய வேர்களை நட்டார். லார்சன் 2006-இல் இறக்குமளவும் அவை அவர்க்குப் பயன்பட்டன. அவ்வுலோகத்தின் தாதுவாகிய இல்மனைட்டு நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் உளது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இனி, செய்முறையைச் சுருங்கக் காண்பாம். முதற்கண் எக்ஸ்ரே, ஸ்கேன் ஆகியவற்றால் எலும்பின் உயரமும் அகலமும், கீழ்த்தாடையுள் ஓடும் நரம்பின் இடமும் அளக்கப்படும். பின் மரத்துப்போகும் ஊசியிட்டு, ஈற்றைத் திறந்து, எலும்பில் சிறு துளையிடுவர். துளையிடுங்கால் உப்புநீர் பாய்ச்சிக் குளிர்விப்பர். வெப்பம் மிகுந்தால் எலும்பணுக்கள் இறந்து, வேர் ஒட்டாது போகும். பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள திருகாணி போன்ற வேரை அத்துளையில் முறுக்கி அமைப்பர். பிறகு காத்திருத்தல் வேண்டும். கீழ்த்தாடைக்கு ஏறத்தாழ மூன்று திங்களும், எலும்பு மென்மையான மேல்தாடைக்கு அதனினும் மிகுதியும் ஆதல் வழக்கம். எலும்பு ஒன்றியபின்னரே வேரின்மேல் தண்டும், தண்டின்மேல் பல்லும் பொருத்துவர். தக்க எலும்புறுதி உடைய சிலர்க்கு இக்காலம் குறைதலும் உண்டு.

இம்முறை எல்லார்க்கும் ஒருங்கே ஏற்றதன்று. அடங்காத நீரிழிவு ஆறுதலைத் தடுக்கும். புகைப்பழக்கம் எலும்பொட்டுதலைக் கெடுக்கும். தாடையில் கதிர்ச்சிகிச்சை பெற்றோர்க்கும், எலும்புத் தேய்வுக்குச் சில மருந்துகள் உண்போர்க்கும் தனி ஆராய்ச்சி வேண்டும். விளையாட்டில் பல்லிழந்த நம்மனைய இளைஞரும் விரைதல் ஆகாது. தாடை வளர்ச்சி முடியாமுன் நட்ட வேர், அயற்பற்கள் வளருங்கால் தான் வளராது தாழ்ந்து நின்றுவிடும். மேலும், இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்தசை உண்டு. கல் கடிபட்டால் "நிறுத்து" என்று உணர்த்துவது அதுவே. செயற்கை வேருக்கு அவ்வுணர்வு இல்லை. அதற்குச் சொத்தை வாராதாயினும் அதனைச் சூழ்ந்த ஈறு அழுகி எலும்பு கரைதல் கூடும். ஆகவே, நட்டபின் நாடோறும் தூய்மை செய்தல் இன்றியமையாதது.

புதுவைக் கோரிமேட்டிலுள்ள மகாத்மா காந்தி பட்டமேற்படிப்புப் பல் மருத்துவக் கல்லூரி, அரசு நடத்தும் நிலையம். அதுபோலும் கல்லூரி மருத்துவமனைகளில் ஆராய்ந்து கேட்டறிந்த பின்னரே பொருட்செலவு மிக்க இச்சிகிச்சையில் இறங்குதல் அறிவுடைமை. பல்லிழந்த இடந்தோறும் வேர் நடவேண்டுமென்பதும் இல்லை. 2002-இல் கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய அறிஞர், பல்லற்ற கீழ்த்தாடைக்கு இரண்டே வேர்கள் நட்டு, அவற்றின்மேல் கட்டுப்பல்லைப் பொருத்துதலை முதன்மையாகக் கருதத்தக்க முறை எனக் கூறினர். அழுத்துபொத்தான் பொருந்துமாறுபோலச் செட்டு அவ்வேர்களைப் பற்றிக்கொள்ளும், இரவில் கழற்றிக் கழுவலாம், செலவும் குறையும்.

என் பாட்டனார்க்கும் இதுவே பரிந்துரைக்கப்பட்டது. "இத்தனை வயதில் எனக்கெதற்கு அப்பா, படிப்புக்கு ஆகும் பணம்?" என்று மறுத்தார். "தாத்தா, எனக்குத் தகரமும் நகரமும் கற்பித்தது நீங்கள்தாமே, அவற்றை நீங்கள் இழக்கலாமா?" என்றேன். சில நாள் ஒன்றும் பேசவில்லை. பின், நீரிழிவை ஒழுங்கு செய்துவர ஒருப்பட்டார். அதற்கே நான்கு திங்கள் சென்றன. இப்பொழுது வேர்கள் இரண்டும் நடப்பட்டுள்ளன. எலும்பு ஒன்றுதற்குக் காத்திருக்கிறோம். மாலைதோறும் திண்ணையிலிருந்து அடுத்த ஞாயிற்றின் வாசகத்தை மெல்லப் படித்துப் பார்க்கிறார். இன்னும் சொல் குழறுகிறது. ஆயினும் புத்தகம் திறந்திருக்கிறது.

மாணவ நண்பர்காள்! கடவுள் அளித்த 32 பற்களுக்கு ஒப்பானது எதுவும் இல்லை. அவற்றைக் காத்தலே முதற்கடன். இழந்தாரைக் கண்டக்கால் நகையாமை இரண்டாங்கடன். அவர் மீண்டும் பேச வழியுண்டென அறிந்து, உடனிருந்து உதவுதல் மூன்றாவது. கற்ற கல்வி இம்மூன்றற்கும் துணையாகுக.