பார்க்கின்சன் நோய்: மூளையில் எந்த இடத்தைத் தூண்டுவது?

மருந்து சாப்பிட்டும் நடுக்கம் அடங்கவில்லையா? மருந்தின் பலன் அடுத்த வேளைக்கு முன்பே தீர்ந்துவிடுகிறதா? மருத்துவர் உங்களுக்கு ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். இதில் மெல்லிய மின்கம்பி மூளைக்குள் வைக்கப்படும். அதை இயக்கும் சிறு கருவி நெஞ்சுத் தோலுக்கு அடியில் பொருத்தப்படும்.

மின்கம்பி வைக்கும் இடம் எல்லாருக்கும் ஒன்றல்ல.

• சப்தாலமிக் நியூக்ளியஸ்: நடுக்கம், விறைப்பு, மந்தமான அசைவு ஆகிய மூன்றும் குறையும். மருந்தின் அளவையும் பெரும்பாலும் குறைக்கலாம்.

• குளோபஸ் பாலிடஸ்: அசைவுக்கு ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும். மருந்தினால் உடல் தானாக நெளிவதை நேரடியாகக் கட்டுப்படுத்தும். ஆனால் மருந்து அவ்வளவாகக் குறையாது.

• தாலமஸ்: முக்கியமாக நடுக்கத்தை மட்டுமே குறைக்கும்.

மறதியோ மனச்சோர்வோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்க அது மிக அவசியம்.

இச்சிகிச்சை நோயைக் குணப்படுத்தாது. மருந்துக்குக் குறையாத தடுமாற்றம், பேச்சுக் குழறல் ஆகியவை இதனாலும் பெரும்பாலும் குறைவதில்லை.

மருத்துவரைக் காணும் முன்:

• எந்த நேரத்தில் என்ன தொல்லை என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

• உங்களை அதிகம் வாட்டுவது எது என்று யோசித்து வையுங்கள்.

• குடும்பத்தினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

• மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.