விளையாட்டு வீட்டின் வரவு செலவு

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவர் ஒருவர், கணிதத் துறை, மணவூர்)



வகுப்பறையில் நாம் வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் கற்கிறோம். ஆனால் வீட்டுக்கு வந்த மின்கட்டணத்தை அறுபது நாளால் வகுத்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நான் பார்த்ததில்லை. அதை எனக்குக் கற்பித்தவை இரண்டு. ஒன்று, ஒரு கணிப்பொறி விளையாட்டு. மற்றொன்று, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் அன்னை. இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டின் வரலாறு

குழந்தைகள் மணலில் வீடு கட்டிச் சோறு சமைத்து விளையாடுவது நமக்குப் புதிதன்று. ஆண்பால் பிள்ளைத்தமிழில் ‘சிற்றில்’ என்று ஒரு பருவமே உண்டு. சிறுமியர் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று பாட்டுடைத் தலைவனை வேண்டுவது அப்பருவம். அந்தச் சிற்றிலைக் கணிப்பொறித் திரைக்குக் கொண்டு வந்தவர் அமெரிக்கரான வில் ரைட். 1991-இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் குன்றுப் பகுதியில் பெருந்தீ பரவியபோது அவருடைய வீடு எரிந்து போயிற்று. மீண்டும் ஒவ்வொரு பொருளாக வாங்கிக் குடித்தனம் அமைக்க நேர்ந்த அவர், ஒரு வீட்டுக்கு உண்மையில் எவை தேவை என்று சிந்தித்தார். அச்சிந்தனையின் விளைவாக 2000 பிப்ரவரியில் மாக்சிஸ் நிறுவனத்தின் ‘தி சிம்ஸ்’ வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில் அதுவரை மிகுதியாக விற்ற கணிப்பொறி விளையாட்டு என்ற பெயரை அது பெற்றது.

இதில் பகைவனைச் சுடுவதில்லை, பந்தயத்தில் ஓடுவதில்லை. ஒரு குடும்பத்தைக் குடியமர்த்தி, பசி, தூக்கம், தூய்மை, பொழுதுபோக்கு முதலிய தேவைகளை நிறைவேற்றி வாழவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

2011 செப்டம்பர் 15 அன்று நம் மாவட்டத்துக் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது நினைவிருக்கலாம். அத்திட்டத்தில் என் அத்தை மகளுக்குக் கிடைத்த மடிக்கணினி, அவளுடைய திருமணத்துக்குப் பிறகு என்னிடம் வந்தது. அதில்தான் இந்த விளையாட்டின் முதற் பதிப்பை ஆடினேன்.

விளையாட்டின் பொருளாதாரம்

புதுக் குடும்பத்துக்குத் தொடக்கத்தில் 20,000 சிமோலியன் தரப்படும். சிமோலியன் என்பது அவ்வுலகத்து நாணயம். அத்தொகைக்குள்ளே மனையும் வீடும் அடுப்பும் கட்டிலும் வாங்க வேண்டும். வீட்டுக்கு வரும் செய்தித்தாளில் வேலை விளம்பரம் இருக்கும். வேலையில் சேர்ந்தால் அன்றன்றைக்குக் கூலி. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அடுத்தடுத்து இரண்டு நாள் வேலைக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும். மூன்று நாளுக்கு ஒருமுறை வாசல் அஞ்சல் பெட்டியில் பில் வந்து விழும். வீட்டில் உள்ள பொருள்களின் மதிப்பு கூடக் கூட அந்தத் தொகையும் கூடும். நெடுநாள் கட்டாமல் விட்டால் ஜப்தி செய்பவர் வந்து பொருளைத் தூக்கிக்கொண்டு போவார். 2014-இல் வந்த நான்காம் பதிப்பில் பில் வாரம் ஒருமுறை. கட்டாவிட்டால் முதலில் மின்சாரமும் பின்னர்த் தண்ணீரும் நிறுத்தப்படும்.

நான் இரண்டு குடும்பங்களை அமைத்துச் சோதித்தேன். முதற் குடும்பத்துக்குக் கைப்பணம் முழுவதிலும் பெரிய தொலைக்காட்சியும் மெத்தை இருக்கைகளும் வாங்கிக் கொடுத்தேன். வேலை நிலைக்கும் முன்பே பில் வந்துவிட்டது, கையில் காசில்லை. ஜப்திக்காரர் வந்து போனபின் வீடு வெறிச்சோடியது. இரண்டாம் குடும்பத்துக்கு ஒரே அறை. கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி மட்டும். அது மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

இதிலிருந்து நான் கண்ட விதி ஒன்று. ஒரு பொருளுக்கு இரண்டு விலை உண்டு. கடையில் ஒருமுறை கொடுப்பது முதல் விலை. வீட்டில் இருக்கும் வரையில் பில்லாகக் கொடுத்துக்கொண்டே இருப்பது இரண்டாம் விலை. முதல் விலை இல்லாமல் வந்த பொருளுக்கும் இரண்டாம் விலை உண்டு. விலையில்லாமல் கிடைத்த மின்விசிறியும் சுழலும்போது மின்சாரம் உண்ணத்தானே செய்யும்?

நம் வீட்டுப் பில்

இனி உண்மை வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2016 முதல், முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. விளையாட்டின் பில் பொருளின் மதிப்பைப் பார்க்கிறது. நம் பில்லோ, பயன்பாட்டைப் பார்க்கிறது, அதுவும் படிப்படியாக.

2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 500 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.25, 201 முதல் 400 வரை ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6. ஆகவே 300 யூனிட்டுக்கு 225 + 450 = 675 ரூபாய். 500 யூனிட்டுக்கு 225 + 900 + 600 = 1,725 ரூபாய்.

500-ஐத் தாண்டினால் நடப்பதைப் பாருங்கள். அப்போது 101 முதல் 400 வரை முழுவதும் ரூ. 4.50 ஆகிவிடும், 501 முதல் 600 வரை உள்ள யூனிட்டுக்கு ரூ. 8. ஆகவே 510 யூனிட்டுக்கு 1,350 + 600 + 80 = 2,030 ரூபாய். பத்து யூனிட் கூடியதற்கு 305 ரூபாய் கூடுதல்! நம் துறையில் தொடர்ச்சியற்ற சார்பு என்று படிக்கிறோமே, அது கரும்பலகையில் மட்டும் இல்லை. நம் வாசலில் உள்ள மீட்டர் பெட்டியிலும் இருக்கிறது. பின்னர் விகிதங்கள் உயர்ந்தபோதும் படிமுறை என்ற கருத்து மாறவில்லை.

இந்தப் படியைக் கடக்காமல் இருக்க என்ன வழி? 75 வாட் மின்விசிறி நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 0.75 யூனிட், அறுபது நாளில் 45 யூனிட். இன்று 30 வாட் அளவிலேயே சுழலும் விசிறிகள் கடைகளில் கிடைக்கின்றன. அதற்கு 18 யூனிட் போதும். மீதம் 27 யூனிட். படியின் விளிம்பில் நிற்கும் குடும்பத்துக்கு இந்த 27 யூனிட் பெரிய காரியம்.

ஒரு தவறும் ஒரு பாடமும்

இவ்வளவு கணக்கும் அறிந்த நான் செய்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு மின்கட்டணம் கட்டி வருமாறு அன்னை பணம் தந்தார்கள். கல்லூரி நண்பர்களோடு வெளியூர் போக அதில் கை வைத்தேன். கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் எப்படியாவது திரும்ப வைத்துவிடலாம் என்பது என் எண்ணம். அந்த விளையாட்டில் ‘ரோஸ்பட்’ என்று ஒரு சொல்லைத் தட்டினால் போதும், 1,000 சிமோலியன் கைக்கு வரும். அந்தப் பழக்கம் என் மனத்திலும் ஏறியிருந்தது போலும். அப்பாவுக்குக் கட்டட வேலை. அந்த இரு வாரமும் வேலை சரியாக இல்லை. கெடு தாண்டியது. நான் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் மாலை ரயிலில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். வீடு இருட்டாக இருந்தது. மறுநாள் என் தங்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தேர்வு. அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அத்தையின் திண்ணைக்குப் போயிருந்தாள். அன்னை என்னைத் திட்டவில்லை. சிம்னி விளக்கை ஏற்றி வைத்துவிட்டுச் சொன்னார்கள்:

“கரண்டு காசு நம்ம காசு இல்லப்பா. வெளக்கு எரிஞ்சு முடிஞ்சுது, ஃபேன் சுத்தி முடிஞ்சுது. அது அப்பவே செலவாயிடுச்சு. நம்ம கையில இருக்கறது அடுத்தவங்க காசு.”

வணிகவியல் நண்பர்கள் இதைக் ‘கொடுபட வேண்டிய செலவு’ என்பார்கள். பில் வரும் நாள் செலவின் நாள் அன்று; செலவு நாள்தோறும் நடந்துகொண்டே இருக்கிறது. மறுநாள் காலை அந்த அத்தையிடம் கைமாற்று வாங்கி, மறு இணைப்புக் கட்டணமும் சேர்த்துக் கட்டிய பிறகே விளக்கு எரிந்தது. மணல் வீட்டைச் சிதைத்த பிள்ளையிடம் சிறுமியர் கெஞ்சுவார்கள். என் தங்கை என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அன்னையின் முறை

அதன்பின்தான் அன்னையின் முறையைக் கூர்ந்து கவனித்தேன். அலமாரியில் நான்கு டப்பாக்கள். ஒன்று மளிகைக்கு, ஒன்று கரண்டுக்கும் கேஸுக்கும், ஒன்று மகளிர் குழுத் தவணைக்கு, ஒன்று மொய்க்கு. அப்பா கூலி கொண்டு வரும் நாளில் முதலில் டப்பாக்கள் நிறையும், மிஞ்சியதே கைச்செலவு. 2023 செப்டம்பர் முதல் வரும் மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை அப்படியே குழுத் தவணைக்குப் போகிறது. 675 ரூபாய்ப் பில்லை அறுபதால் வகுத்தால் நாளுக்கு ரூ. 11.25. அன்னை வகுத்தலை அறியார்; ஆனால் வேலையுள்ள நாளெல்லாம் கரண்டு டப்பாவில் இருபது ரூபாய் போடுகிறார்கள். கேஸுக்கு வேண்டியதும் மழை நாளில் விழும் துண்டும் அதிலேயே அடங்கிவிடுகின்றன.

விளையாட்டில் இல்லாத செலவுகள் இரண்டு நம்மிடம் உண்டு. ஒன்று மொய். வைத்தவர்க்குத் திருப்பி வைத்தாக வேண்டும். அதற்கு அஞ்சல் பெட்டியில் தாள் வராது, அழைப்பிதழ்தான் வரும். மற்றொன்று ஆடிக் கிருத்திகை போன்ற திருநாள்கள். விளையாட்டில் இல்லாத வரவும் ஒன்று உண்டு. அதுதான் பக்கத்து வீட்டு அத்தை. எந்தப் பதிப்பிலும் அப்படி ஒருவரை நான் காணவில்லை.

முடிவுரை

வருவாய் சிறிதாக இருந்தாலும் செலவின் வழி அகலாமல் இருந்தால் கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் பொருட்பாலில், மன்னனுக்குரிய வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். அது குடிசைக்கும் பொருந்தும். நண்பர்களே, நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வீட்டில் உள்ளவர்கள் பில்லை நம் கையில் கொடுத்து ‘படிச்ச புள்ள, பாத்துச் சொல்லு’ என்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பது நம் கடமை. இந்த இரண்டு மாதப் பில்லை எடுங்கள். எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். அறுபதால் வகுத்து அத்தொகையை நாள்தோறும் ஒதுக்குங்கள்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாள்களைக் குறிப்பவை என்பார்கள். ஒரே தாவலில் மலையேறியவர் யாரும் இல்லை. குடும்பக் கணக்கும் அப்படித்தான். நாளுக்கு ஒரு படி.

என் தங்கை அந்தத் தேர்வில் தேறிவிட்டாள். ஆயினும் அன்றைய இரவு என் கணக்கில் இன்னும் பற்றாகவே நிற்கிறது. அதை வரவு வைக்கவே இக்கட்டுரையை எழுதினேன்.