மீன் காட்டும் கருவி: சிறு படகுக்கு எதை வாங்குவது?

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில், வேலை நிமித்தம் வந்து தங்கிவிட்ட நம்மவர்கள் சிலர் விடுமுறை நாளில் தூண்டில் போடுவதற்கென்றே சிறிய ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். பதினெட்டு, இருபது அடி நீளம். பின்னால் ஓர் அவுட்போர்டு என்ஜின். இந்தப் படகுக்கு எந்த ஃபிஷ் ஃபைண்டர் வாங்கலாம் என்று சங்கக் குடும்பங்களில் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நான் முதலில் வாங்கியது தவறான கருவி. ஆகவே இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. படகின் அடியில் பொருத்திய டிரான்ஸ்டியூசர் என்ற சிறு குமிழ் ஒலித்துடிப்பை நீருக்குள் அனுப்பி, தரையிலும் மீனிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் செல்லும். போய்த் திரும்ப 0.1 விநாடி ஆனால் ஆழம் 75 மீட்டர். ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் 1948-இல் மீனவர்களுக்கென விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியும் இதே கணக்கில் அமைந்ததுதான்.

ஆக, கருவியின் காது டிரான்ஸ்டியூசர். திரை வெறும் முகம். நான் முகத்தைப் பார்த்து ஏமாந்தேன். கடையில் ஒன்பது அங்குலத் திரையில் ஏரியின் அடியில் கிடந்த மரக்கிளையைப் புகைப்படம்போலக் காட்டினார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒதுக்கி வைத்த பணத்தில் கைவைத்து வாங்கினேன். வீட்டில் கிடைத்த பேச்சைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். நான் தூண்டில் இறக்கும் இடம் 40 பாகம், அதாவது 73 மீட்டர். அங்கே போனால் திரையில் மங்கல் தவிர ஒன்றுமில்லை. அது 455, 800 கிலோஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும் வகை. அதிர்வெண் கூடக்கூடப் படம் துல்லியமாகும், ஆனால் உப்புநீர் அந்த ஒலியை விரைவில் விழுங்கிவிடும். பெட்டியில் அச்சிட்டிருந்த ஆழம் நன்னீருக்கானது. சின்ன எழுத்தில் அதையும் போட்டிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன், நீங்கள் வழக்கமாக மீன் பிடிக்கும் இடத்தின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். ஈயக்குண்டு கட்டிய கயிறு போதும். உப்பங்கழி, சதுப்புக் கால்வாய் என்று 20 மீட்டருக்குள் முடித்துக்கொள்பவருக்கு 200 கிலோஹெர்ட்ஸ் கருவி ஒன்றே போதும், படம் காட்டும் வகையும் அங்கே பயன்படும். பவளப்பாறையைத் தாண்டி வெளியே போய்க் களவாவும் செப்பிலியும் பிடிக்க நினைப்பவர் 50-உம் 200-உம் சேர்ந்த இரட்டை அதிர்வெண் கருவியையே கேட்டு வாங்க வேண்டும். இப்போது சிர்ப் என்ற வகை பரவலாகிவிட்டது. ஒரே அதிர்வெண்ணுக்குப் பதிலாக ஒரு வீச்சு முழுவதையும் அனுப்புவதால், நெருங்கி நிற்கும் மீன்களைப் பிரித்துக் காட்டும். கைக்கு அடங்கினால் அதையே வாங்கலாம். ஆனால் அதிலும் தாழ்ந்த அதிர்வெண் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒலி கூம்புபோல விரிந்து இறங்குகிறது. 200 கிலோஹெர்ட்ஸில் கூம்பு சுமார் 20 பாகை என்று வைத்தால், கருவி பார்க்கும் வட்டத்தின் அகலம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. 40 பாகத்தில் அது 25 மீட்டர். 50 கிலோஹெர்ட்ஸில் இரு மடங்கு அகலமும் வரலாம். திரையில் தெரிந்த மீன் தூண்டிலுக்கு நேர் கீழே இருக்கிறது என்று எண்ணுவது இதனால்தான் பொய்த்துப்போகிறது.

சக்தியைப் பற்றிய ஒரு தந்திரம்: சிலர் 4000 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அது உச்ச அளவு. எட்டால் வகுத்தால் வரும் 500 வாட்தான் ஆர்எம்எஸ் கணக்கு. இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே கணக்கில் பாருங்கள். நம் படகுகளுக்கு 300 முதல் 500 வாட் ஆர்எம்எஸ் தாராளம்.

பொருத்துவதில்தான் பாதிப்பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். காற்றுக்குமிழி ஒலியை மறைத்துவிடும் என்பதால், பின்பலகையில் புரொப்பெல்லரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளிப் பொருத்த வேண்டும். ஒற்றைப் படல ஃபைபராக இருந்தால் படகுக்குள்ளேயே ஒட்டலாம். மரத்தையும் நடுவில் தெர்மோகோல் நிரப்பிய அடிப்பலகையையும் ஒலி தாண்டாது. ஒட்டுமுன் உள்ளே கொஞ்சம் நீர் ஊற்றி அதில் குமிழை வைத்துப் பாருங்கள். வெளியே தொங்கவிட்டால் வரும் ஆழமே உள்ளேயும் வந்தால் ஒட்டலாம்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் பேட்டரி தனியாக வையுங்கள். கயிறு இழுத்து ஓட்டும் என்ஜின் பலவற்றில் சார்ஜ் ஏற்றும் வசதி கிடையாது. ஐந்து அங்குலத் திரை ஏறக்குறைய முக்கால் ஆம்பியர் இழுத்தால், 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி ஒன்பது மணி நேரம் வரும். ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யாமலிருப்பது நல்லது என்பதால் நாலரை மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபியூஸ் போட மறக்க வேண்டாம்.

திரையில் மீன் பொம்மை காட்டும் வசதியை வந்த அன்றே அணைத்துவிடுங்கள். குப்பையையும் குமிழியையும் அது மீன் என்று சொல்லும். வலது ஓரம்தான் இப்போதைய நிலை, இடது பக்கம் எல்லாம் கடந்துபோனது. படகு நின்றால், கீழே நிற்கும் மீன் வளைவாக அல்ல, நீண்ட கோடாகத் தெரியும். கடினமான பாறையானால் தரைக்கோட்டுக்குக் கீழே இருமடங்கு ஆழத்தில் இன்னொரு கோடு வரும். எதிரொலியின் பெரும்பகுதி மீனின் காற்றுப்பையிலிருந்து வருகிறது. வஞ்சிரத்துக்கும் சுறாவுக்கும் அது இல்லை, ஆகையால் அவை மங்கலாகத்தான் தெரியும். திரை காலி என்று திரும்பி வந்த நாளில் பக்கத்துப் படகுக்காரர் நாலு வஞ்சிரம் தூக்கி வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஜிபிஎஸ் சேர்ந்த கருவிக்குக் கூடுதல் பணம் தரலாம் என்பேன். கன்னியாகுமரிக் கரையில் பெரியவர்கள் கோயில் கோபுரத்தையும் மலைமுகட்டையும் நேர்வைத்துப் பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. வண்டூர் பக்கம் மீன்பிடிக்கத் தடையுள்ள தேசியப் பூங்கா எல்லைக்குள் தெரியாமல் நுழையாமலிருக்கவும் அது உதவும்.

ஆழ எச்சரிக்கை மணியை மட்டும் நம்பி வேகமாக வராதீர்கள். கருவி கீழே பார்க்கிறது, முன்னால் அல்ல. இங்கே பெருவற்றத்தில் நீர் ஏறக்குறைய இரண்டு மீட்டர் இறங்கும். காலையில் தாராளமாகக் கடந்த பவளத்திட்டு மாலையில் புரொப்பெல்லரைத் தட்டும். மணி அடிக்கும்போது நீங்கள் ஏற்கெனவே திட்டின் மேல் இருப்பீர்கள். என் புரொப்பெல்லரில் ஓர் இதழ் ஒடிந்தது இப்படித்தான். மனைவியும் மகளும் படகில் இருந்தார்கள், நல்லவேளையாக அருகிலேயே ஒரு டிங்கி வந்தது.

வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் படகில் வந்து பார்க்கலாம். இப்போது இருப்பது ஐந்து அங்குலம், இரட்டை அதிர்வெண். அந்த ஒன்பது அங்குலக் கருவியைக் கழியில் மட்டும் மீன் பிடிக்கும் என் பக்கத்து வீட்டுக்காரர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். அவருக்கு அது மிக நன்றாக வேலை செய்கிறதாம்.