உடைந்த இறக்கை சொன்ன பாடம்



வானத்தில் சத்தம் கேட்டால் நாம் எல்லோரும் அண்ணாந்து பார்ப்போம் இல்லையா? பக்கத்தில் தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கே 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 எம்.கே.ஐ. போர் விமானப் படைப்பிரிவு சேர்க்கப்பட்டது. அதையெல்லாம் கேட்டுத்தான் எங்கள் பெரியப்பா மகன் அண்ணனுக்கும் எனக்கும் விமானம் செய்யும் ஆசை வந்தது.

அண்ணன் பாலிடெக்னிக் படிக்கிறான். லீவில் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் மோட்டாரும் ரிமோட்டும் வாங்கினான். இறக்கை செய்வது என் பொறுப்பு. 40 செ.மீ. நீளத்தில் இரண்டு தெர்மாகோல் துண்டுகள். வரைபடத்தில் இரண்டு நுனியும் லேசாக மேலே தூக்கி இருந்தன. ஸ்கேல் மாதிரி நேராக இருந்தால்தான் அழகு என்று நினைத்து, நான் நேராகவே ஒட்டிவிட்டேன்.

கடலை பிடுங்கிய கொல்லையில் பறக்க விட்டோம். காற்று அடித்ததும் வலது பக்கம் சாய்ந்தது. பிறகு நிமிரவே இல்லை. தலைகுப்புற விழுந்து, இறக்கை நடுவில் முறிந்துபோனது. அண்ணன், "எனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்றான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில், "அண்ணே, தப்பு என் மேலதான்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "சரி விடு, வரைபடத்துல உள்ளபடி ஒட்டிப் பாப்போம்" என்றான்.

ஏன் விழுந்தது?

விரித்து வைத்த புத்தகம் போல இறக்கை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானம் வலது பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கமாகவே கொஞ்சம் சறுக்கும். அப்போது தாழ்ந்த வலது இறக்கையின் அடியில் காற்று கூடுதலாக மோதி, அதை மேலே தூக்கும். இடது இறக்கைக்குத் தூக்குவிசை குறையும். விமானம் தானாக நிமிரும். நேரான இறக்கையில் இந்த உதவி கிடைக்காது. எங்கள் விமானத்தில் வாலில் மட்டும்தான் சுக்கான் உண்டு. அதனால் திரும்புவதற்கும் இந்த மடிப்பு தேவை.

எவ்வளவு தூக்கினோம்?

ஒவ்வொரு நுனியையும் 4 செ.மீ. தூக்கினோம். சைன் = 4/40 = 0.1. கணக்குப் பாடத்து அட்டவணையில் பார்த்தால் கோணம் சுமார் 5° 44'. முக்கோணவியல் எதுக்குன்னு கேட்டவளுக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது!

போர் விமானம் மட்டும் ஏன் அப்படி இல்லை?

அது தானாக நிமிர்வதைவிட, சட்டென்று திரும்புவதுதான் முக்கியம். அதை நிலையாக வைத்திருக்கக் கணினி உதவுகிறது. வேகத்துக்காக இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். வேலைக்கு ஏற்ற இறக்கை!

ரைட் சகோதரர்களும் திருத்தினார்கள்

1901-ல் அவர்கள் செய்த கிளைடர் நினைத்த அளவு தூக்கவில்லை. சோர்ந்து போனாலும் விடவில்லை. காற்றுச் சுரங்கப் பெட்டி செய்து, சுமார் 200 சிறிய இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். 1902-ல் இறக்கையை 22 அடியிலிருந்து 32 அடியாக நீட்டி, அகலத்தை 7 அடியிலிருந்து 5 அடியாகக் குறைத்தார்கள். 1903 டிசம்பர் 17-ல் மோட்டார் விமானத்தில் பறந்தார்கள்.

நீங்களும் செய்யலாம்

மோட்டார் இல்லாமல் கையால் எறியும் விமானத்திலேயே இதைச் சோதிக்கலாம். தெர்மாகோலுக்கு ஃபெவிகால் போதும். சில பசைகள் அதைக் கரைத்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அப்போதுதான் எதனால் சரியானது என்று தெரியும். மின்கம்பி பக்கமும் ஆட்கள் தலைக்கு மேலும் விடாதீர்கள்.

எங்கள் விமானம் இப்போது கொல்லையை நாலு சுற்று சுற்றி வருகிறது. ஒட்டின தழும்பு நடுவில் அப்படியே தெரிகிறது. அதன் மேல் வண்ணம் அடிக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி